அரை பன் மேல் விழுந்த பழி

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணங்கி எழுதுவது. நான் நல்லா இருக்கேன் என்று எழுதினால் பொய். நீங்கள் நல்லா இருக்கணும் என்று நினைப்பது நிஜம். குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன் என்றுதான் அவரைச் சேர்த்தோம். அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று நாலு பேர் நடுவில், "ஆபரேஷனுக்கு முன்னாடி இவ குடுத்த பன்னுதான் என் தம்பியை முழுங்கிடுச்சு" என்றீர்கள். ஆஸ்பத்திரியில் சொன்னதைத்தான் சொன்னீர்கள். அன்றிலிருந்து டீக்கடைக் கண்ணாடிக்குள் பன் தெரிந்தால் நான் எதிர்ப்பக்கமாக நடக்கிறேன்.

அதனால் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். முன்னே நர்சாக இருந்து, பிறகு சட்டம் படித்து, டாக்டர்கள் மேல் மட்டும் கேஸ் நடத்துகிறவர். ஊசி வக்கீல் என்றால்தான் தெரியும். ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். பெஞ்சில் பாதிப் பேர் கேஸுக்கு வந்தவர்கள், பாதிப் பேர் இருமலுக்கு வந்தவர்கள். என் முறை வந்ததும் அழ ஆரம்பித்தேன். அவர் என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்துவிட்டு, "உப்பைக் குறைம்மா, இப்ப அழு" என்றார். அழுதேன். பன் எப்போது கொடுத்தாய் என்று கேட்டார். முந்தின நாள் சாயங்காலம், அவருக்குப் பாதி, மீதியை நான்தான் தின்றேன் என்றேன். "அது ராத்திரியே செரிச்சிருக்கும். பன் மேல தப்பில்ல." நீங்க சொன்னா எங்க அண்ணி நம்பமாட்டாங்க, ஆபரேஷன் பண்ணின டாக்டர் வாயால வரணும் என்றேன்.

கோர்ட்டுக்குப் போகுமுன் பேசிப் பார்க்கலாம் என்று போன வாரம் அந்த டாக்டர் தன் வக்கீலோடு வந்தார். மாடி ஏறியதில் வேர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நம்ம வக்கீலம்மாவுக்குக் கேஸ் மறந்துபோச்சு, அவருக்குள்ளே இருந்த பழைய நர்ஸ் எழுந்துவிட்டார். "பேசாதீங்க, படுங்க, இது ஹார்ட்டு" என்று இருமல்காரர்களைக் கிளப்பி, பெஞ்சில் அவரைச் சாய்த்து, சட்டைப் பட்டனைக் கழற்றி, என் கையில் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்து விசிறு என்றார். அது என் கேஸ் கட்டு. விசிறினேன் அண்ணி. சபிக்கத்தான் போயிருந்தேன், ஆனா மூச்சு வாங்குற ஆளை எப்படிச் சபிக்கிறது. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போயிருவேன் போலிருக்கு, சொல்லிடுறேம்மா. பன்னால இல்ல. அறுத்த இடத்துல உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சுது. நர்ஸ் ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. அப்புறம் பாக்கலாம்னு இருந்துட்டேன்" என்றார். அவருடைய வக்கீல், "சார், வாயை மூடுங்க சார்" என்று கெஞ்சினார். "பேஷன்டைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று நம்மவர் அவரை வெளியே நிறுத்திவிட்டார். அப்புறம் ஆம்புலன்ஸ் வந்து டாக்டரை ஏற்றிக்கொண்டு போனது.

நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். கிடைத்துவிட்டது. சாகக் கிடக்கிற மனுஷன் மேல் கேஸ் எதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம், மன்னிக்கிற மாதிரி நான் ஒன்றும் செய்யவில்லை. பேசினால் போதும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகள் ஆஸ்பத்திரிப் படி மிதிக்காமல் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் சேதி வந்தது. அவருக்கு ஹார்ட் இல்லை, வெறும் வாயுவாம். ஏப்பம் விட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். அன்று சொன்னது ஒன்றும் நினைவில்லையாம். இல்லாத நோயைச் சொல்லிப் பயமுறுத்தியதற்காக வக்கீலம்மா மேலேயே கேஸ் போடப்போகிறாராம். "போடட்டும். இருமலுக்கு வந்த அத்தனை பேரும் காதால கேட்டிருக்காங்க, நீ உன் கேஸை விடாதே" என்கிறார் வக்கீலம்மா. ஆகவே கேஸ் வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். கோர்ட்டில் நீங்கள் என் பக்கத்தில் உட்கார வேண்டும். பன் வாங்கி வைக்கிறேன், ஆளுக்குப் பாதி.