மச்சானுக்கு ஒரு சீட்

"இந்த வாரமும் சீட் இல்ல சார். வெயிட்டிங் லிஸ்ட்லதான் கீது" என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார் பாடியில் கடை வைத்திருந்த டிராவல் ஏஜெண்ட் வேம்புலி.

கலியமூர்த்திக்கு முதுகு விண்ணென்று தெறித்தது. பாயில் படுத்துப் படுத்து வந்த வலி.

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அவர் வீட்டில் ஒரே ஃபேன், அதன் கீழே ஒரே கட்டில். மஸ்கட் வேலைக்கு விசா வரும்வரை ரெண்டே நாள் தங்குவதாகச் சொல்லி வந்த மனைவியின் தம்பி தேவராஜ், அதில் படுத்து ஒரு வருஷமாகிறது. முத்தாபுதுப்பேட்டையில் அவனுக்குச் சொந்த வீடே உண்டு. ஆனால் அங்கே அக்கா வைக்கும் மீன் குழம்பு கிடைக்காதே! கலியமூர்த்தி சமையலறை வாசலில் பாயை விரித்துக் கொசுவுக்கு ரத்த தானம் செய்துகொண்டிருந்தார்.

ஒருவழியாக விசா வந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் அவன் மஸ்கட்டில் இறங்காவிட்டால் விசா காலாவதி. அப்புறம் கட்டில் ஆயுசுக்கும் அவனுக்குத்தான்.

"பொறு சார். கல்ஃபுக்குப் போறவனுக்குப் போற டிக்கெட் மட்டும்தான் எடுக்கணும். அதுக்குத்தான் பாத்துகினு கீறேன்" என்றார் வேம்புலி.

மறுநாள் இதைக் கேட்டுத் தொழிற்சாலை நண்பன் மனோகரன் சிரித்தான். "மாடே நிக்கும்போது பால்காரன் எதுக்கு மாமே? நேரா கம்பெனிக்கே போ!"

லீவு போட்டுவிட்டு மவுண்ட் ரோட்டிலிருந்த விமானக் கம்பெனிக்குப் போனார் கலியமூர்த்தி. உள்ளே ஏசி. மெத்தென்று சோபா. ஒரு வருஷத் தூக்கம் அப்படியே கண்ணைச் சொருகியது. காவலாளி தோளைத் தட்டி எழுப்பியபோது ஆபீசைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளும் லீவு. இந்த முறை நின்றுகொண்டே இருந்து சீட்டைப் பிடித்துவிட்டார்.

வெற்றியோடு திரும்பினால், தொழிற்சாலை வாசலில் ஸ்கூட்டரோடு வேம்புலி. "சார், கன்ஃபர்ம் ஆயிட்ச்சு!"

நேராகப் போய் வாங்கியதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கெட்டிக்காரத்தனம் குறுக்கே வந்தது. ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டுமே என்று பேசாமல் தலையாட்டிவிட்டார்.

இரண்டே நாளில் பக்கத்து வீட்டு ஜமீலா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, போன்! பிளேன் கம்பெனியாம்."

"சார், ஒரே ஆள் பேருல ரெண்டு சீட் பதிவாகியிருக்கு" என்றாள் கவுண்ட்டர் பெண். "அதனால ரெண்டும் கேன்சல்."

கலியமூர்த்தி பாடிக்கு ஓடினார். வேம்புலி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நேராப் போனியா சார்? இனிமே நேராவே போ."

மூன்றாவது லீவுக்குச் சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கினார். கவுண்ட்டர் பெண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்த்தாள்.

"மாசக் கடைசி வரைக்கும் போறதுக்கு மட்டும்னு சீட் இல்ல சார். போய் வர்ற டிக்கெட்ல ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஆனா ஒரு மாசத்துல திரும்பணும்."

"போறதுக்கு வழி பண்ணும்மா. திரும்பி வர்ற கதையை யாரு கேட்டா?"

டிக்கெட்டை மனைவி வசந்தகுமாரியிடம் கொடுத்தார். அவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அவர் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் தம்பி கையில் அதைக் கொடுக்கும்போது அவள் அழவில்லை. தேவராஜ்தான் மாலையும் கழுத்துமாகக் குலுங்கிக் குலுங்கி அழுதான். கலியமூர்த்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது ஆனந்தக் கண்ணீர்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் விழுந்தார். மேலே ஃபேன் சுற்றியது. இதற்கு மேல் மனுஷனுக்கு என்ன வேண்டும்?

"நல்லாப் படுத்துக்குங்க" என்று தலையணையைத் தட்டிப் போட்டாள் வசந்தகுமாரி.

தம்பி போன துக்கத்தில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள் என்று பயந்திருந்தார். அவளோ அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். காப்பி கட்டிலுக்கே வந்தது. மீன் குழம்பில் நடுத்துண்டு அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை கெரசின் கியூவுக்குக்கூட அவரை எழுப்பாமல் அவளே போனாள். பாவம், இவளும்தான் அந்தத் தடியனால் எவ்வளவு அவஸ்தைப்பட்டிருப்பாள் என்று கலியமூர்த்தி மனம் இளகினார். முதுகுவலிகூட மறந்துபோயிற்று.

ஒரு நாள் மத்தியானம் வாசலில் டாக்சி வந்து நின்றது. பெட்டியும் கையுமாக இறங்கினான் தேவராஜ்.

கலியமூர்த்தி கட்டிலைவிட்டு எழுந்தார். டாக்சியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா மாமா அப்படிப் பாக்குற?" என்று உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான் தேவராஜ். "வேல கஷ்டமாத்தான் இருந்துச்சு, பல்லைக் கடிச்சுகினு இருந்திருப்பேன். ஆனா திரும்பி வர்ற டிக்கெட் கைலயே கீதே! நீ அலைஞ்சு திரிஞ்சு வாங்கினது. வீணாக்கினா உன் மனசு இன்னா பாடு படும்?"

கலியமூர்த்தி பரிதாபமாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வசந்தகுமாரி சமையலறை வாசலில் பாயை உதறி விரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க டிக்கெட்டக் குடுத்த அன்னிக்கே தேதியப் பாத்துட்டேங்க" என்றாள். "அதான் இந்த ஒரு மாசமும் உங்கள எழுப்பவே இல்ல."