மேசைக்கு மேசை நான் பறித்த அட்டைகள்

எனக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. பாலிகிளினிக்கில் சர்க்கரைக்கு மாத்திரை தருகிறார்கள், கொழுப்புக்குத் தருகிறார்கள், இதற்கு மட்டும் இன்னும் ஒன்றும் தரவில்லை. தந்திருந்தால் என் அண்ணன் மகள் கயல்விழியின் கல்யாண விருந்து ஒழுங்காக நடந்திருக்கும்.

செம்பவாங்கில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள் நான். தமிழை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். இங்கிலீஷ் என்றால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன். யாராவது இங்கிலீஷ் நோட்டீஸ் நீட்டினால், கண்ணாடியை எடுத்து மாட்டி, இரண்டு தரம் தலையை ஆட்டி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வேன். (வீட்டில் மீன் ஆயும்போது கீழே விரிக்க உதவும்.)

அண்ணன் லாரி ஓட்டி மகளை வக்கீலாக்கிய மனுஷர். ஒருத்தரிடமும் கை நீட்டாதவர். கல்யாணப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்: “மொய் வேண்டாம். உங்கள் வாழ்த்தே போதும்.” அதை நான் எழுத்துக் கூட்டாமலேயே வாசித்தேன். ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டார் காண்டோவில், நீச்சல் குளம் வைத்த பணக்கார அடுக்குமாடியில், இருக்கிறவர்கள். “எங்க காண்டோவுல...” என்று தொடங்காமல் அந்தச் சம்பந்தியம்மாவுக்குத் தும்மல்கூட வராது. அவர்களுக்கு முன்னால் அண்ணன் தலை நிமிர்ந்து நிற்க இருந்தது அந்த ஒரு வரிதான்.

காலையில் லிட்டில் இந்தியா கோயிலில் தாலி கட்டினார்கள். சாயங்காலம் பக்கத்திலேயே ஓர் ஓட்டலில் விருந்து. புக்கிட் பாத்தோக்கில் எனக்கு எதிர்வீடான ஜமீலாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மாம்பழக் கலர் பட்டுப்புடவை எனக்கு. கண்ணுக்குத் தப்பவே தப்பாது. (இது பிறகு எவ்வளவு பெரிய கேடு என்று அப்போது தெரியவில்லை.)

மேசையில் உட்கார்ந்தோம். நடுவில் பூச்சாடி. பூச்சாடியில் சாய்த்து ஓர் அட்டை. தங்கக் கரை, சுருள் சுருளாக இங்கிலீஷ், நடுவில், கடைகளில் போனைக் காட்டுவார்களே, அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம்.

“என்னக்கா இது?” என்றாள் ஜமீலா.

“பாத்தா தெரியலையா? மொய்.”

“மேசையிலயா?”

“பின்ன? டெக்கா மார்க்கெட்டுல மீன்காரன் இந்தக் கட்டத்த வெச்சிருக்கான். காப்பிக் கடையில வெச்சிருக்கான். கோயில்ல அர்ச்சனைச் சீட்டுக் குடுக்குற எடத்துல வெச்சிருக்கு. எல்லாம் எதுக்கு?”

“காசுக்கு.”

“அவ்வளவுதான்லா.”

“ஆனா மேல குட்டியா கேமரா படம் போட்டிருக்கே?”

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். “யாரு போட்டா, யாரு போடலன்னு படம் புடிச்சு வெச்சுக்குவாங்க.”

என் மூளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

“யாரயாச்சும் ஒரு வார்த்த கேளுங்களேன்க்கா.”

“கேக்கலாம். கேட்டா, பொண்ணோட அத்தைக்கு இதுகூடத் தெரியலன்னு நாளைக்குக் காண்டோ பூரா பேசும்.”

அந்த நேரம் பார்த்து அடுத்த மேசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அட்டைக்கு நேராகப் போனைப் பிடித்தார். ‘டிங்’ என்று சத்தம். போச்சு! என் அண்ணன் வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறார். இவர்கள் சத்தமில்லாமல் மேசைக்கு மேசை வசூல் பண்ணுகிறார்கள். நாளைக்கு ஊர் யாரைச் சொல்லும்? அண்ணனைத்தான். ‘வெளியே வேண்டாம்னு சொல்லிட்டு உள்ளே கட்டம் வெச்சு வாங்குறான்’ என்று சொல்லும்.

எழுந்துவிட்டேன். சாப்பாடு மிஞ்சினால் தப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டுபோக ஜமீலா மடித்து வைத்திருந்த பையை வாங்கினேன். எங்கள் மேசை அட்டைதான் முதலில் அதற்குள் போனது.

“போடாதீங்க, போடாதீங்க. மனசார வாழ்த்துனா போதும்” என்று சொல்லிக்கொண்டே மேசை மேசையாகப் போனேன். பெரியவர்கள் மேசைகளில் ஒருவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அட்டை என் பைக்குள் போய்விட்டது. ஒருவருடைய பிரியாணித் தட்டுக்கு அடியிலிருந்துகூட உருவினேன். அவர் கரண்டியோடு என்னையே பார்த்தார். என் தைரியத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

கயலின் சிநேகிதப் பிள்ளைகள் மேசைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அத்தனை பேரும் போனைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

“ஆன்ட்டி, அந்த அட்டைய எடுக்குற மாதிரி இன்னொரு தரம்!”

“ஆன்ட்டி, இந்தப் பக்கம் பாருங்க!”

பார்த்தேன். பின்னாலேயே வந்த ஜமீலாவையும் இழுத்து நிறுத்தி, அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, பந்தாட்டத்தில் ஜெயித்தவள் மாதிரி நின்றேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் மானம் ரோஷம் இருக்கிறதே என்று மனசு நிறைந்துபோனது.

கடைசியாகச் சம்பந்தி மேசை. சம்பந்தியம்மா முன்னால் இருந்த அட்டையை நானே எடுத்தேன்.

“எங்கண்ணன் வேணாம்னு அச்சடிச்சிருக்காரு. நீங்க இப்படிக் கட்டம் வெச்சு வாங்குறது நல்லாயில்லலா, சம்பந்தியம்மா.”

அந்த அம்மாவின் வாயில் பாதி கட்லட். “என்ன வாங்குறோம்?”

“இது என்னவாம்?” என்று அட்டையை அவர் மூக்குக்கு நேராக ஆட்டினேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. (கொஞ்சம் இல்லை.)

மேடையிலிருந்து கயல் பட்டுப் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அத்தை! அது நான் வெச்சது. போட்டோவுக்கு!”

“போட்டோவா?”

“அத ஸ்கேன் பண்ணிட்டு, அவங்கவங்க எடுக்குற படத்த எங்களுக்கு அனுப்புவாங்க. அத நம்பித்தான் டின்னருக்குப் போட்டோகிராபரே வேணாம்னு சொல்லிட்டோம்.” அவள் கண் என் கையிலிருந்த பையைப் பார்த்தது. பை குண்டாக இருந்தது. “எல்லாத்தயும் எடுத்துட்டீங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் மைக்கில் ஒரு தம்பி உற்சாகமாகக் கத்தினான்: “இப்போ நம்ம விருந்தாளிங்க எடுத்த படங்களப் பாக்கலாமா!”

பெரிய திரையில் முதல் படம் வந்தது. மாம்பழக் கலர். நான் அட்டை பறிக்கிறேன். இரண்டாவது, பிரியாணித் தட்டுக்கு அடியில் என் கை. மூன்றாவது, நானும் ஜமீலாவும் ஜெயித்துவிட்டு நிற்கிறோம். அடுத்ததில் என் பொய்ப்பல் வரிசை முழுக்கத் தெரிய, சம்பந்தியம்மாவைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அது நடந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டிவி செய்திகூட அவ்வளவு சீக்கிரம் வராது.

அந்தச் சிநேகிதப் பிள்ளைகள் நான் வருவதற்கு முன்னாலேயே ஸ்கேன் பண்ணிவிட்டார்களாம். அட்டை போனாலும் அவர்களுக்குக் கவலையில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் என்னைவிட நல்ல வேடிக்கை வேறெதுவும் இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் ஊட்டிக்கொள்கிற படம் ஒன்றே ஒன்று வந்தது. அதிலும் குறுக்கே என் முழங்கை. மண்டபமே மேசையைத் தட்டிச் சிரித்தது. கயல் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

“யாரயாச்சும் ஒரு வார்த்த கேட்டியாம்மா?”

“இல்லண்ணே.”

“எனக்காகச் செஞ்சியா?”

“ஆமாண்ணே.”

“அப்போ இனிமே எனக்காகச் சும்மா இரு.”

பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மேசை மேசையாகப் போனேன், இந்தத் தடவை அட்டைகளைத் திருப்பி வைக்க. போகும்போது வராத முட்டிவலி வரும்போது வந்தது. பாதி மேசையில் ஆட்கள் எழுந்து எம்ஆர்டி ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். பிரியாணிக்காரர் என்னைப் பார்த்ததும் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு கை பைக்குள் நுழைந்து பாதி அட்டைகளை அள்ளியது. சம்பந்தியம்மா.

“குடுங்க, நான் அந்த வரிசைய வெச்சுடுறேன். எங்க காண்டோவுல நோட்டீஸ் போடுறதெல்லாம் நான்தான்.”

அன்றைக்குத்தான் அந்த வார்த்தை எனக்குக் காதில் குத்தவில்லை. அவர் வைத்த வரிசையிலிருந்துதான் கயலுக்குக் கொஞ்சம் படம் தேறியது. ஆல்பம் அச்சாகி வந்தபோது பார்த்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கங்கே இருக்கிறார்கள். மற்றபடி அது என் கல்யாணம்.

கயல் என்னை மன்னித்துவிட்டாள். ஆனால் வக்கீல் இல்லையா, தீர்ப்பை எழுதி வைத்துவிட்டாள். இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் மேசை அட்டையில் இங்கிலீஷுக்குக் கீழே தமிழில் பெரிய எழுத்தில் ஒரு வரி வருகிறது: “அத்தை, இது மொய் இல்லை.” அந்த அட்டையில் எனக்கு வாசிக்கத் தெரிந்த வரியும் அது ஒன்றுதான்.

போன மாதம் ஜூரோங்கில் ஒரு கல்யாணம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, முன்பின் தெரியாதவர், அட்டையைக் கையில் எடுத்து வாசித்துவிட்டு, “யாருங்க இந்த அத்தை?” என்று கேட்டார்.

கண்ணாடியை மாட்டி, அட்டையை நிதானமாக வாசித்து, இரண்டு தரம் தலையை ஆட்டினேன்.

“யாரோ மாப்பிள்ள வீட்டு ஆளுங்க போல” என்றேன்.