பேரிங்குக்கு உடைத்த தேங்காய்

பாலிடெக்னிக் முடித்து முதல் சம்பளம் வாங்கியவன் கண்ணில் எந்த இயந்திரத்தையும் காட்டக் கூடாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அதைச் சரிசெய்தே தீருவான். எண்பதுகளின் நடுவில் நான் அப்படி ஓர் ஆபத்தான ஆளாக ஆரணியில் திரிந்துகொண்டிருந்தேன். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும் (மின்சாரத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை, சும்மா அழகுக்கு).

ஆரணியில் என் தாய்மாமா சாயப்பட்டறை வைத்திருந்தார். அவர் மகள் கௌரிக்கும் எனக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஆகப்போகும் உரிமையில் பட்டறைக்குள் அடிக்கடி போவேன். கௌரி கண்ணில் படுவதற்காகத்தான் போனேன் என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னதில் தப்பில்லை.

பட்டறையில் பட்டு நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டி, கழிகளில் கோத்து, கொதிக்கும் சாயத்தில் தொங்கவிட்டு, ஆவியில் நின்று கையாலேயே திருப்பிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தொட்டிக்கு மேலே ஓர் உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்து மிஷின் செய்து கொடுத்தேன். சுற்றினால் சிட்டங்கள் தானாக முங்கி எழும். மாமா பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பு ஒரு வாரம் கூட நிற்கவில்லை. உருளையின் இரண்டு முனையிலும் நான் போட்ட இரும்பு பேரிங், சோடாவையும் ஆசிட் ஆவியையும் குடித்துக் குடித்துத் துருப்பிடித்தது. துருவுக்கு மருந்தாக கிரீஸை அப்பினேன். அது சூட்டில் உருகிப் பட்டு நூலில் சொட்டியது.

"மாப்ள, நூலு பூரா கருப்பு பொட்டு வெச்சிகினு நிக்குது. பேஜாரா கீதுப்பா" என்றார் மாமா. திட்டுவதைக்கூட மரியாதையாகத் திட்டுகிற மனிதர்.

அப்போதுதான் பெங்களூரில் வேலை பார்த்த என் நண்பன் செராமிக் பேரிங் பற்றிச் சொன்னான். வளையமும் செராமிக், உள்ளே உருளும் குண்டுகளும் செராமிக். துருப்பிடிக்காது, ஆசிட்டுக்கு அசையாது, கொதிநீரில் கிடக்கும், எண்ணெயே வேண்டாம். யாரோ வெளிநாட்டு விற்பனையாளர் விட்டுப்போன சாம்பிள்களை என்னிடம் கொடுத்து, "அடி படாம பாத்துக்கடா" என்றான். பேரிங்கை எவனாவது போய் அடிப்பானா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆரணிக்குக் கொண்டுவந்ததும் கௌரி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பால் வெள்ளை.

"இது எதைத்தான் தாங்காது மாமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே கெடையாது. இரும்பைவிடக் கெட்டி" என்றேன். அந்த நிமிஷம் என்னைவிட உயரமான ஆள் வட ஆற்காடு மாவட்டத்திலேயே இல்லை.

புது பேரிங் போட்ட மிஷினில் முதலில் முங்கப்போவது கௌரியின் முகூர்த்தப் புடவைக்கான நூல் என்று முடிவானது. முள்ளிப்பட்டில் நெசவுக்காரர் தறியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல நேரம் பார்த்தார்கள். மிஷினுக்கு மஞ்சள், குங்குமம், பூச்சரம். தொட்டியில் சிவப்புச் சாயம் கொதித்தது. மாமா கற்பூரம் காட்டிவிட்டு, தேங்காயோடு வாசல் கல்லை நோக்கி நடந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"எதுக்கு மாமா கல்லு? மிஷின் மேலயே ஒடைக்கலாம், குடுங்க" என்று வாங்கி, பேரிங் உட்கார்ந்திருந்த இடமாகப் பார்த்து ஓங்கி ஒன்று போட்டேன். தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கௌரி கூடச் சிரித்தாள். மாமா கைப்பிடியைப் பிடித்துப் பெருமையாகச் சுற்றினார். நாலைந்து சுற்று போயிருக்கும். 'டப்' என்று ஒரு சத்தம். பேரிங் வளையம் துண்டாகி, உருளை ஒரு பக்கமாகச் சரிந்து, கௌரியின் கல்யாணப் பட்டு மொத்தமாகத் தொட்டிக்குள் போய்விட்டது. சிக்கிக்கொண்ட சிட்டங்களைக் கழி போட்டு வெளியே இழுத்தபோது பாதி ரத்தச் சிவப்பு, பாதி வெளிறிய ரோஸ்.

முதலில் வாய் திறந்தவர் பெரியம்மா. என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். எங்கள் குடும்பத்தில் சகுனம் பார்க்கும் இலாகா அவருடையது.

"தேங்கா ஒடச்ச எடத்துலயே ஒடஞ்சிகினு போச்சே! அதுவும் பொண்ணோட முகூர்த்த நூலு. வேணாம்டா தம்பி, கல்யாணத்த நிறுத்து. ஜாதகத்த இன்னொரு தபா பாக்கணும்."

மாமா முகம் சுண்டிவிட்டது. அக்கா பேச்சை அவர் தட்டியதே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். விதிதான் காரணம், என் டிசைன் இல்லை என்று ஒருவர் சொன்னதும் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. என் கல்யாணமும் அந்தத் தலையாட்டலோடு சேர்ந்து போகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கௌரிக்கு உறைத்தது.

"சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள் சத்தமாக. "இவரு பண்ண கூத்து. சொல்லுங்க மாமா, உங்க புத்தி இல்லாத வேலையாலதான் ஒடஞ்சிதுன்னு சொல்லுங்க!"

ஒன்று எனக்கு நேரம் சரியில்லை, இல்லாவிட்டால் எனக்கு மூளை சரியில்லை. நேரம் என்றால் கல்யாணம் கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, என் முட்டாள்தனத்தை நிரூபிக்க ஆரம்பித்தேன். செராமிக் தேயாது, கீறல் விழாது, ஆனால் திடீர் அடி தாங்காது. அடி படாமல் பார்த்துக்கொள்ள நண்பன் சொல்லியும், இரும்புத் தண்டில் இறுக்கமாக மாட்டியதும் நான், அதன் மேலேயே அடித்ததும் நான் என்று உணர்ச்சி பொங்க விளக்கினேன். வேலைக்கான இன்டர்வியூவில்கூட நான் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

"வாயில சொல்லாத. செஞ்சி காட்டு" என்றார் பெரியம்மா.

மிச்சமிருந்த பேரிங்கை ஓர் இரும்புக் கம்பியில் இறுக்கி மாட்டி, கல் மேல் வைத்து, பூஜைக்கு வாங்கியதில் மீந்த தேங்காயால் அடித்தேன். தேங்காய் உடைந்தது. பேரிங் ஜம்மென்று இருந்தது.

"பாத்தியா!" என்றார் பெரியம்மா.

சுத்தியலை எடுக்கப்போனேன். "அதெல்லாம் ஆவாது. அது தேங்காயில ஒடஞ்சிது, இதுவும் தேங்காயிலதான் ஒடையணும்" என்று தடுத்துவிட்டார். கௌரி அடுப்படிக்கு ஓடி, சட்னிக்கு வைத்திருந்த தேங்காயைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "ஜல்தி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உலகத்தில் வேறெந்த மெக்கானிக்கும் ஒரு பேரிங் உடையவேண்டும் என்று அப்படி வேண்டியிருக்க மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன்.

'டப்.'

"அப்பாடா!" என்றார் மாமா. "சகுனம் இல்லக்கா. மாப்ளதான் முட்டாளு!" பட்டறை முழுக்க ஒரே சந்தோஷம். பெரியம்மா உடைந்த துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். மாமா நூலைச் சிக்கெடுத்து மறுபடி முக்கி ஆழ்ந்த அரக்கு ஆக்கினார். கௌரிக்கு அந்த நிறம் அம்சமாக இருந்தது. (மிஷின் பழைய இரும்புக் கடைக்குப் போனது.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கெட்ட சகுனம் என்று ஒன்று நடந்ததே இல்லை. பால் பொங்காவிட்டாலும், புறப்படும்போது செருப்பு அறுந்தாலும், கௌரி என்னைக் கைகாட்டி "சகுனம் இல்ல, எங்க வூட்டுக்காரரு" என்று முடித்துவிடுவாள். எங்கள் மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் குத்துவிளக்கு பட்டென்று அணைந்தது. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் நெஞ்சில் கைவைத்து "ஐயோ, என்னங்க இது..." என்று ஆரம்பித்தார். மண்டபத்தில் எங்கள் சொந்தம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"நான்தாங்க, ஃபேனைப் போட்டுட்டேன்" என்று கையைத் தூக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள், விளக்கை ஏற்றினார்கள், தாலி ஏறியது.

ஃபேனை நான் போடவே இல்லை. அது கௌரிக்கும் தெரியும்.