இரண்டு பச்சைப் புள்ளிகளும் என் கணக்கு மார்க்கும்

மதிப்புக்குரிய அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மாடியில் என்னைத் தவிர எல்லாரும் நலம். இரவு ஷிஃப்ட் முடிந்து காலை ஆறு மணிக்கு நீங்கள் கீழ்வீட்டைத் திறக்கும்போது இந்தக் கடிதம் காலடியில் கிடக்கும். தயவுசெய்து மிதித்துவிடாதீர்கள்.

விளக்கைப் போட்டால் அப்பா எழுந்துவிடுவார். அதனால் புது மானிட்டரில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். திரையில் அணையாமல் எரிகிற அந்தப் பச்சைப் புள்ளி கறுப்பில்தான் தெரியும், வெள்ளையில் தெரியாது என்று நீங்கள் சொன்னது சரிதான். இப்போது அதுவும் என்னைப் போலவே ஒளிந்துகொண்டிருக்கிறது.

அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார், டீச்சருக்கு முன்பே என் கட்டுரை நோட்டில் அவர் சிவப்புப் பேனா ஓடிவிடும், ஒரு சொல்லை அடித்தது சரியில்லை என்று அவருக்கே தோன்றினால் அந்தச் சொல்லுக்குக் கீழே புள்ளிகள் வைத்து ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவார், அச்சகத்தில் அதுதான் முறையாம், என் நோட்டில் அது ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது, அதுவும் அட்டையில் என் பெயருக்கு. அப்படிப்பட்டவர் கண்ணில் இந்தப் புள்ளி பட்டால் என்ன ஆகும்? அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார், அவர் அழுக்கு என்று நினைத்துத் துண்டால் துடைத்துவிட்டு “போகலையே” என்றார். நேற்று பூதக்கண்ணாடியோடு கடைக்கே போனார். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இதே கண்ணாடியை வைத்துக் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

இன்று சாயங்காலம் நீங்கள் வந்தீர்களே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். விளக்கை அணைக்கச் சொன்னீர்கள், ஒரு கை தூரத்தில் நின்றீர்கள், கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றினீர்கள், நான் பத்து எண்ணுவதற்குள் இன்னொரு புள்ளியையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். திரைத் தொழிற்சாலையில் உங்களை ஏன் சோதனை மேஜையிலேயே வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

“ரெண்டா?” என்று அப்பா உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டும் வரம்புக்குள்ளதான்ணா. இதுல இருபது லட்சம் புள்ளி இருக்கு. நாலு வரைக்கும் இப்படி எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் நல்ல திரைன்னுதான் அனுப்புவோம். ஒண்ணுகூட கூடாதுன்னு நின்னா, செஞ்சதுல பாதிய உடைச்சுத்தான் போடணும்.”

எவ்வளவு குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் கூடி உட்கார்ந்து யோசித்து, எண்ணிக்கை போட்டு, அச்சடித்தும் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய பிரமிப்பு. ஆனால் அத்தை, கணக்கில் எனக்கு நாற்பத்திரண்டு. மீதி ஐம்பத்தெட்டும் அணைந்துவிட்டது. நான் எந்த ரகத்தில் சேருவேன்?

நாளைக்குள் அப்பா கையெழுத்து வேண்டும். மூன்று நாளாக மார்க் ஷீட்டை மானிட்டர் வந்த பெட்டியில், தெர்மாகோலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீங்கள் ஷிஃப்டுக்குப் போனதும் அப்பா கையேட்டைத் தேடி அந்தப் பெட்டியையே பரணிலிருந்து இறக்கினார். நல்லவேளை, கையேடு மேலேயே இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் படித்தார். ஒரு பக்கத்தை இவ்வளவு நேரமா என்று அம்மாகூடக் கேட்டார். சாப்பிடும்போது என்னிடம், “தண்ணி வேணுமா?” என்றார். அப்படிக் கேட்கிற வழக்கமே அவருக்கு இல்லை. வரம்பு விஷயம் அவரை ரொம்பப் பாதித்துவிட்டது.

ஆகவே தூக்கத்தைத் தள்ளிவைத்து, ஏழு மணிக்கு மாடிக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்காருங்கள். நான் ஷீட்டை நீட்டியதும், “வரம்புக்குள்ளதான்ணா” என்று அதே குரலில் சொன்னால் போதும்.

உங்கள் கண்கள் நூறு வயதிலும் இன்றுபோலவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அண்ணன் மகள்.

பின்குறிப்பு: காலையில் நீட்டுவதற்கு ஷீட்டை எடுத்து வைக்கலாம் என்று இப்போது பெட்டியைத் திறந்தேன். கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது, சிவப்புப் பேனாவில். நாற்பத்திரண்டைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குக் கீழே புள்ளிகள். ஓரத்தில் ‘இருக்கட்டும்’. நீங்கள் வர வேண்டாம், தூங்குங்கள். புள்ளிகளை எண்ணிப் பார்த்தேன், சரியாக நாலு வைத்திருக்கிறார். வரம்பே நாலுதானே அத்தை? அப்படியானால் அடுத்த பரீட்சைக்கு ஒன்றுகூட மிச்சமில்லையே.