முதல் தர மண்

தேனி மாவட்டத்து மண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் வருண பகவான். மற்றவர் சங்கரலிங்கம், அதாவது நான். நிலம் வாங்குமுன் அதில் விஷம் கலந்திருக்கிறதா என்று ஆராய்ந்து 'மண் மாசு மதிப்பீட்டு அறிக்கை' வழங்குவது என் அலுவலகத்தின் திருப்பணி. பத்தாண்டுகளில் எந்த மண்ணும் என்மேல் புகார் கொடுத்ததில்லை.

அல்லிநகரத்தில் ஏலக்காய் வியாபாரி ஸ்டான்லிக்கு எட்டு சென்ட் மனை. இருபது வருடம் அங்கே பூச்சிமருந்துக் குடோன் இருந்தது. பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் கட்ட அதை விலைபேசிய பவானி என்னிடம் வந்தார்.

"பிள்ளைக மண்ண அள்ளி வாயில வைக்கும் சார். அறிக்கை பாக்காம கையெழுத்துப் போடமாட்டேன்."

இந்த விழிப்புணர்வை மனமாரப் பாராட்டுகிறேன். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

விதிப்படி நான்தான் தோண்டி மண் எடுக்க வேண்டும். வெயில் கடுமையாக இருந்ததால் அந்தப் பொறுப்பை ஸ்டான்லிக்கே 'பகிர்ந்தளித்தேன்'. மறுவாரம் வெள்ளைத் துணிப்பையில் ஒரு கிலோ மண் வந்தது.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டு சுத்தமா இருக்கு?"

"சாம்பிள்னா சும்மாவா சார்? மூணு நாள் காயவச்சு, சலிச்சு, நாலு பொம்பளையாளுகள வச்சுப் பொறுக்கியிருக்கேன். வெள்ளை வெள்ளையாக் கட்டி கெடந்துச்சு, தள்ளியாச்சு."

"தள்ளுனத எங்கன போட்டீக?"

"எடுத்த குழியிலயேதான். அடுத்தவுக நெலத்துல போட்டா பாவமில்லையா?"

போடி ஏலத்துக்குக் கொண்டுபோகும் ஏலக்காய்ச் சாம்பிளை அவர் இப்படித்தான் தயார்செய்வார். ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது. ஆய்வுக்கூடமும் 'குறையேதுமில்லை' என்றது. நான் முத்திரை குத்தினேன்.

"அப்பறம் ஏன் சார் அங்கன ஒரு புல்லுகூட மொளைக்கல?" என்றார் பவானி.

"களை பிடுங்குற வேலை மிச்சம்மா."

அறிக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். கட்டடமும் எழும்பியது. திறப்புவிழாவுக்கு அழைக்க வந்தவர், "ஒங்கள நம்பித்தான் சார் வாங்குனேன். மொத அட்மிஷன் ஒங்க பேத்தியாத்தான் இருக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலம், என் ஆய்வு வாழ்க்கையில் முதன்முறையாக, மண்வெட்டியோடு காப்பகத்துக் கொல்லைக்குப் போய் ஒரு நிலத்தை நானே தோண்டினேன். ஒரு அடி இறங்குவதற்குள் மருந்து நெடியில் கண் எரிந்தது. அவசரமாகக் குழியை மூடினேன்.

அறிக்கையில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. காப்பகத்தில் முப்பத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். என் பேத்தியைப் பெரியகுளத்துக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறோம்.