நடைத் தேர்வு

"டிபன் பையில எதுக்குங்க ஷூ?" என்று மனைவி கேட்டபோது, குமாஸ்தாவுக்கு உண்மை தொண்டை வரை வந்தது. வெட்கம் அதை உள்ளே தள்ளிவிட்டது.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு. லேசா சர்க்கரையாம்."

தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் நாள் முழுக்க ஊராரிடம் திட்டு வாங்கிச் சலித்துப்போன அவர், வனக் காவலர் வேலைக்கு மனுப் போட்டிருந்தார். மரங்கள் புகார் சொல்லாது. ஆனால் நெடுந்தூரம் வேகமாக நடந்து காட்டினால்தான் அந்த வேலை. இதை வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது? போன வருஷம்தான், வேலையை விடுகிறேன் பேர்வழி என்று தேனீ வளர்க்கக் கிளம்பி, எதிர்வீட்டுக்காரரின் முகத்தைப் பூசணிக்காய் ஆக்கியிருந்தார்.

அன்றே காபியில் சர்க்கரை நின்றது. பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மச்சான் ஊசியோடு வந்து ரத்தம் எடுத்துப் போனான்.

"அக்கா, மாமாவுக்குச் சர்க்கரையே இல்ல," என்றான் மறுநாள். "வேற எதுக்கோ நடக்குறாரு."

"அது வந்து, ஆபீஸ்ல ஒரு நடைப் போட்டி," என்று இழுத்தார் குமாஸ்தா.

"கூட யார் யாரு நடக்குறா?"

"யாருமில்ல, நான் மட்டும்தான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மனைவிக்குச் சந்தேகம் தட்டியது. அன்று முதல் அவர் நடந்த தெருவெல்லாம், குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். பாவம், அவருக்கு அது தெரியாது.

தேர்வு நாளன்று, காட்டை ஒட்டிய சாலையில், சட்டையில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு நன்றாகத்தான் நடந்தார். பாதி வழியில் பஞ்சரான ஸ்கூட்டரோடு நின்றவர் சாட்சாத் எதிர்வீட்டுக்காரர். குமாஸ்தாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எண் அட்டையைப் பிய்த்துப் பைக்குள் திணித்துக்கொண்டு புதருக்குள் பதுங்கினார். டயர் மாற்றி முடியும்வரை எறும்புகள் அவரை விடவில்லை.

அன்றும் குடையோடு பின்தொடர்ந்து, வளைவைத் தாண்டி வந்த மனைவிக்குக் கணவனைக் காணோம். முன்னால் எவளோ காத்திருக்கிறாள் என்று முடிவு கட்டியவள், காலில் சக்கரம் கட்டிக்கொண்டதுபோல் நடந்தாள்.

குமாஸ்தா நொண்டிக்கொண்டு முடிவிடத்துக்கு வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்திருந்தது. அங்கே நாற்காலியில் மனைவி, கையில் குளுக்கோஸ் தண்ணீர்.

"எங்க அவ?"

"அவளும் இல்ல, எவளும் இல்ல. வனக் காவலர் வேலைக்குத் தேர்வும்மா. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. தேனீக்கு அப்புறம் உன் மூஞ்சில முழிக்கவே கூசுது."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லித் தொலைச்சிருந்தா, காபியிலயாவது சர்க்கரை போட்டிருப்பேன்."

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது குமாஸ்தாவுக்கு.

விசிலும் பேனாவுமாக ஓடிவந்தார் வனத்துறைக்காரர்.

"அம்மா, முதல்ல வந்தது நீங்கதான். நம்பரை வழியில தவற விட்டுட்டீங்க போல, பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன். துணைக்கு வந்த சாரை மட்டும் கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்க."