சுற்றிச் சுற்றிக் கையெழுத்து

அன்புக்கும் அடங்காத வாய்க்கும் உரிய மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் அந்தக் காவல் அறையில் சுகமாக இருந்துகொண்டு, அங்குள்ள காவலர்களிடம் "உங்களுக்கு எட்டு மணி நேர வேலைதானா?" என்று விசாரித்து, அவர்களையும் கெடுத்துக்கொண்டிருப்பாய் என நம்புகிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு உன்னை விடுகிறார்கள் என்று வக்கீலம்மா சொல்லியிருப்பார். மற்றவர்கள் தப்பும் தவறுமாகக் கதை அளப்பதற்கு முன், இந்த மாபெரும் போரின் தளபதியாகிய நானே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தையல் ஆலையின் பின்கதவைப் பூட்டாதே, தீப்பிடித்தால் இவர்கள் எந்த வழியாக ஓடுவார்கள் என்று கேட்ட குற்றத்துக்காக உன்னைப் பிடித்து இருபத்திமூன்று நாளாகிவிட்டதா, உன்னை விடச் சொல்லி ஆலைப் பெண்களின் கையெழுத்தோடு மனு கொடுக்க வியாழக்கிழமை ஐந்து மணியோடு கெடு முடிகிறது என்றார்கள். என் ஜெராக்ஸ் கடையில் இருந்ததிலேயே பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு, வியாழனன்று சாப்பாட்டு நேரத்தில் ஆலை வாசலில் போய் நின்றேன். நாலாயிரம் பெண்கள் என்னைச் சூழ்ந்தார்கள். (உன் அம்மா நானூறு என்பாள். அவளுக்கு எண்ண வராது.) எல்லோருக்கும் உன்மேல் உயிர். ஆனால் பேனாவை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள்.

"மொதப் பேரு யாருதோ, அவளுக்குத்தாண்ணே மொதல்ல சீட்டுக் கிழியும்" என்றாள் ஒருத்தி.

அப்போதுதான் சட்டைக்குப் பொத்தான் துளை தைக்கிற காஜா அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தன் சாப்பாட்டு டப்பா மூடியைத் தாளின் நடுவில் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டார். "பாவாடை விளிம்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு எவளாவது சொல்ல முடியுமா? சுத்திப் போடுங்கடி!" அவ்வளவுதான், மருமகளே. வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்தாலேயே ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொரு வட்டம், ஓரத்தில் ஈ உட்கார இடமில்லை. ஒருத்தி கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனவள், திரும்பி ஓடி வந்தாள். பெயரை அடிக்கச் சொல்வாளோ என்று பயந்தேன். "லேசா விழுந்திருச்சுண்ணே" என்று அழுத்தி எழுதிவிட்டுப் போனாள்.

விசாரணை அலுவலகத்தை எட்டும்போது மணி நாலு ஐம்பது. அதிகாரி தாளைத் திருப்பினார், தலையைத் திருப்பினார், கடைசியில் எழுந்து மேசையையே மூன்று முறை வலம் வந்தார்.

"இதுல எதுய்யா மேல்பக்கம்?"

"எல்லாப் பக்கமும் மேல்பக்கந்தான் சார்."

"மொதக் கையெழுத்து யாருது?"

"கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க சார்."

"சரி, முத்திரையை எங்க குத்துறது? பேரு மேல குத்தினா செல்லாது. முத்திரை இல்லாட்டி இது மனுவே இல்ல, வெறும் தாளு."

அங்கேதான் உன் மாமனின் தீர்க்கதரிசனத்தைப் பார். நடு வட்டத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவிடாமல் நான் மத்தியானத்திலிருந்து காவல் காத்திருந்தேன் அல்லவா! முத்திரை அங்கே இடிபோல் இறங்கியது. மணி நாலு ஐம்பத்தெட்டு. மனு உள்ளே போயிற்று, நீ வெளியே வருகிறாய்.

காஜா அக்காவுக்கும், அழுத்தி எழுதியவளுக்கும், பேர் சொல்லாத அத்தனை பேருக்கும் நான் ஏழு பிறவிக்குக் கடன்பட்டிருக்கிறேன். நீ நீண்ட ஆயுளும் குறைந்த வாயும் பெற்று வாழ்க. இல்லை, வாய் அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அருமை மாமன்

பின்குறிப்பு: வக்கீலம்மா இதைப் படித்துவிட்டு, பொய்யோடு அனுப்ப மாட்டேன் என்கிறார். ஆகவே உண்மை: நடு வட்டத்தை முத்திரைக்காக நான் விடவில்லை. தடித்த பேனா ஒன்று வாங்கி, என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளத்தான் வைத்திருந்தேன். பேனா வாங்க மறந்து, அந்த அதிகாரியிடமே கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், முத்திரை விழுந்துவிட்டது. ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிய உன் மாமன் கையெழுத்து மட்டும் அதில் இல்லை. உன் விடுதலைக்கு நான் செய்த ஒரே உதவி அதுதான்.